குறி பார்க்க வேண்டாத துப்பாக்கியா? தற்காப்பு ஷாட்கன் பயிற்சி, ஆரம்பத்திலிருந்து

2013 பிப்ரவரியில், அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன் இணையம் வழியாக மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஏதாவது பிரச்சினை என்றால் பால்கனிக்கு வந்து வெளியே இரண்டு முறை சுடு என்று தன் மனைவியிடமே சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். அவர் வீட்டில் இருந்தது ரெட்டைக்குழல் துப்பாக்கி. சில மாதம் கழித்து வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் ஊரில் ஒருவர், தன் வண்டிகளை யாரோ உடைக்கிறார்கள் என்று வானத்தை நோக்கிச் சுட்டார். போலீஸ் பிடித்தது. துணை அதிபர் சொன்னதைத்தானே செய்தேன் என்பது அவர் பதில்.

இந்த யோசனையைப் பிரித்துப் பார்த்தாலே ஷாட்கன் பயிற்சி எதற்கு என்று பாதி புரிந்துவிடும். ரெட்டைக்குழலில் இரண்டே தோட்டா. இரண்டையும் வானத்தில் செலவழித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது? சுட்ட ரவைகள் எங்கே போய் விழுந்தன? யாரைப் பார்த்துச் சுட்டோம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அமெரிக்காவின் பல மாநிலங்களில் எச்சரிக்கைக்குச் சுடுவதும் உயிர்க்கொல்லி பலத்தைப் பயன்படுத்தியதாகவே கணக்கு. எச்சரிக்கை என்று சொன்னால் தப்பிக்க முடியாது.

ஷாட்கனைப் பற்றிப் பரவலாக மூன்று நம்பிக்கைகள் உண்டு. குறி பார்க்க வேண்டாம், வாசலைப் பார்த்துத் திருப்பினால் போதும் என்பது ஒன்று. பம்பை இழுக்கும் 'சக்-சக்' சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்பது இன்னொன்று. அதனால் இது புதியவர்களுக்கு ஏற்ற சுலபமான துப்பாக்கி என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. அதிலும் மூன்றாவதுதான் பெரிய தவறு. கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் வைத்துப் பார்த்தால், பயன்படுத்துகிறவரிடம் ஓயாமல் வேலை வாங்குவது ஷாட்கன்தான். அந்த வேலையைக் கைக்குப் பழக்குவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் வங்கி வாசலில் காவலர் தோளில் மாட்டியிருப்பாரே 12 போர் துப்பாக்கி, அதே குடும்பம்தான். ரைஃபிள் குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் இதில் இருக்காது, உள்ளே வழவழப்பு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை என்ன அகலம் இருக்குமோ அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ரெட்டைக்குழல் வாங்குவதில்லை. குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் நான்கிலிருந்து எட்டுத் தோட்டா வரை பிடிக்கும் பம்ப் துப்பாக்கியோ அரைத்தானியங்கியோ வாங்குகிறார்கள். பம்ப் என்றால் முன்கட்டையைக் கையால் பின்னே இழுத்து முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும், அரைத்தானியங்கி அதைத் தானே செய்துகொள்ளும். 1950இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கு மேல் விற்ற பம்ப். மாஸ்பெர்க் 500 அதன் நேர் போட்டி. அரைத்தானியங்கியில் பெரட்டா 1301, பெனெல்லி எம்4 போன்றவை இன்று வகுப்புகளில் அதிகம் தென்படுகின்றன. குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வரும். அதனால்தான் கடையில் தற்காப்புக்கென்று இருப்பவை பெரும்பாலும் 18, 18.5, 20 அங்குலம் என்று இருக்கும்.

தோட்டா மூன்று வகை. பேர்ட்ஷாட் என்பது பறவை வேட்டைக்கானது. 7½ எண் ரவை ஒவ்வொன்றும் 2.4 மில்லிமீட்டர், ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பக்‌ஷாட் மான் வேட்டைக்கு வந்தது. அதில் 'டபுள் ஆட்' எனப்படும் வகையில் 8.4 மில்லிமீட்டர் குண்டுகள் எட்டோ ஒன்பதோ இருக்கும், நம் பக்கம் பால்ரஸ் குண்டு என்கிறோமே அந்த மாதிரி. மூன்றாவது ஸ்லக். சுமார் 28 கிராம் எடையுள்ள ஒரே ஈயக் கட்டி. வகுப்பில் அதிகம் சுடுவது பேர்ட்ஷாட்தான். மலிவு, சுடும்போது தோளில் விழும் உதைப்பும் குறைவு. ஆனால் தற்காப்புக்கு அதை நம்பக் கூடாது என்பது பயிற்றுநர்களின் பொதுவான நிலை. உடலுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெல்லில் ஒரு குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்பது எஃப்பிஐ வைத்திருக்கும் அளவுகோல். பேர்ட்ஷாட் அதன் பக்கத்தில்கூட வராது. பக்‌ஷாட் தாராளமாகப் போகும், அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்கள் சிலவற்றையும் சேர்த்துத் துளைத்துக்கொண்டு. அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது என்றால் இது ரொம்பப் பெரிய விஷயம்.

இப்போது 'குறி பார்க்க வேண்டாம்' கதைக்கு வருவோம். நல்ல வகுப்பு எதுவாக இருந்தாலும் முதல் நாளே இதற்கு ஒரு சோதனை வைக்கும். ஆளுயரக் காகித இலக்கு ஒன்றை மாட்டுவார்கள். மூன்று கெஜத்தில் நின்று ஒரு பக்‌ஷாட் சுட வேண்டும். பிறகு காகிதத்தின் வேறொரு இடத்தைக் குறிவைத்து ஐந்து கெஜத்திலிருந்து ஒன்று, அப்புறம் ஏழு, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து, ஓட்டைகளைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டு, தூரத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். மூன்று கெஜத்தில் ஒன்பது குண்டும் ஒரே கிழிசலாக, எலி கடித்த ஓட்டை மாதிரி இருக்கும். தற்காப்புத் தோட்டா என்று தனியாகச் செய்யாத சாதாரண பக்‌ஷாட்டுக்கு, கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. ஒரு படுக்கையறை நீளத்தில் அது உள்ளங்கையைத் தாண்டாது. உள்ளங்கை அகலத்தை ஓர் ஆள்மீது வைக்க வேண்டுமென்றால் குறி பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சோதனையின் சுவாரசியம் அதற்கு மேல்தான். பக்கத்தில் நிற்பவரும் அதே கம்பெனித் துப்பாக்கி வைத்திருப்பார், அதே பெட்டித் தோட்டாவைச் சுடுவார், அவருடைய வட்டம் வேறாக இருக்கும். குழலுக்குக் குழல் குணம் மாறும். ஃபெடரல் கம்பெனியின் ஃப்ளைட்கன்ட்ரோல் போன்ற தோட்டாக்களில் குண்டுகளைச் சுமந்து போகும் பிளாஸ்டிக் கிண்ணம் மெதுவாகத்தான் பிரியும். அதனால் 15 கெஜத்திலும் ஓட்டைகள் கைக்குள் அடங்கும் அளவில் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்பது குண்டுத் தோட்டா பலவற்றில் ஒரு குண்டு மட்டும் கூட்டத்தை விட்டு விலகிப் போகும். எட்டுக் குண்டுத் தோட்டாவைப் பலர் விரும்புவதற்கு அதுதான் காரணம். எந்தத் தூரத்தில் முதல் குண்டு இலக்கின் உடம்பை விட்டு வெளியே விழுகிறதோ, அந்தத் தோட்டாவுக்கு உங்கள் துப்பாக்கியில் அதுவே எல்லை. வெளியே போன குண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. இதை ஒரு முறை காகிதத்தில் பார்த்தவர் பிறகு எப்போதும் தோட்டாவின் பெயரையும் தூரத்தையும் சேர்த்தே பேசுவார். வீட்டுக்கு வந்ததும் ஒரு அளவு நாடாவை எடுத்து, வீட்டுக்குள் நேராகப் பார்க்க முடிகிற மிக நீளமான தூரம் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்வது நல்லது. அடுக்குமாடி வீடுகளில் அது பத்து கெஜத்தைத் தாண்டுவது அபூர்வம்.

அடுத்தது தோட்டா போடும் வேலை. ஷாட்கனின் உண்மையான தலைவலி இதுதான். ரைஃபிளில் 30 தோட்டா மேகசினைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் முடிந்தது. ஷாட்கனில் ஐந்தோ ஆறோ சுட்டதும் காலி, பிறகு ஒவ்வொன்றாகப் பெருவிரலால் உள்ளே தள்ள வேண்டும். அதனால் வகுப்பில் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: சுட்டதை உடனே நிரப்பு. ஒன்று சுட்டால் ஒன்று, இரண்டு சுட்டால் இரண்டு. இடைவெளி கிடைத்தால் கை தோட்டாவுக்குப் போக வேண்டும், கண் இலக்கை விட்டு நகரக் கூடாது. பார்க்காமலே விரல் நுனியால் நுழைவாயைத் தேடி, தோட்டாவின் முனையை நுழைத்து, 'டிக்' என்று பிடிக்கும் வரை தள்ளப் பழக வேண்டும். பாதி தள்ளி விட்டால் தோட்டா திரும்பிக் கையிலேயே வந்து விழும். முதல் நாள் மதியத்துக்குள் பலருக்குப் பெருவிரல் தோல் உரிந்துவிடும். துப்பாக்கி முழுக்கக் காலியாகிவிட்டால் வேறு வழி. பக்கவாட்டில் காலிக்கூடு வெளியேறும் திறப்பு வழியாக ஒரு தோட்டாவை நேராகப் போட்டு மூடிவிட வேண்டும். குழாயை நிரப்புவதெல்லாம் அப்புறம். கூடுதல் தோட்டாக்களைத் துப்பாக்கியின் பக்கவாட்டிலேயே ஒரு பட்டையில் செருகி வைத்திருப்பார்கள். ராத்திரி தூக்கத்தில் எழுந்து வருகிறவர் இடுப்பில் பெல்ட்டா கட்டியிருப்பார்?

இதற்கென்றே 'உருளும் இடி' என்று ஒரு பயிற்சி இருக்கிறது. நான்கைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் ஒன்று சுடுவார், அடுத்தவர் ஒன்று, கடைசி ஆள் வரைக்கும். அடுத்த சுற்றில் ஆளுக்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று, அப்புறம் நான்கு. உங்கள் முறை வரும்போது துப்பாக்கியில் போதுமான தோட்டா இல்லை என்றால் வரிசை அங்கேயே நின்றுவிடும், எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். சுடுவதற்கு எடுக்கும் நேரம் சில நொடி. மற்ற நேரமெல்லாம் குனிந்த தலையோடு தோட்டா திணித்துக்கொண்டிருப்பார்கள், பயிற்றுநர் பின்னாலிருந்து 'தலையைத் தூக்கு' என்று கத்திக்கொண்டிருப்பார்.

பம்ப் துப்பாக்கிக்கு இன்னொரு வியாதி உண்டு: பாதி இழுப்பு. மெதுவாகவோ முழுக்க இல்லாமலோ இழுத்தால் காலிக்கூடு வெளியே போகாது, அல்லது புதுத் தோட்டா உள்ளே வராது. டிரிகரை அழுத்தினால் 'க்ளிக்' மட்டும் கேட்கும். பதற்றத்தில் இது இன்னும் அதிகமாக நடக்கும். உடைந்துவிடுமோ என்று பயப்படாமல், இழுத்த வேகத்திலேயே முன்னே தள்ள வேண்டும் என்பதே பாடம். பம்ப் எளிமையானது, சிக்காது என்று கடைக்காரர் சொல்வது துப்பாக்கியைப் பொறுத்தவரை உண்மைதான். மனிதர்தான் சிக்க வைக்கிறார். காசு இருந்தால் புதியவர் நல்ல அரைத்தானியங்கியை வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

உதைப்பு இன்னொரு பயம். அது நியாயமான பயம்தான், ஆனால் பாதி குற்றம் கட்டையின் நீளத்தில் இருக்கிறது. தோளில் பதியும் கட்டை வழக்கமாகச் சுமார் 14 அங்குலம் வரும். உயரம் குறைந்தவருக்கு அது நீளம். உடம்பு பின்னால் சாய்ந்துவிடும், சாய்ந்த உடம்பை 12 போர் நன்றாகவே தள்ளும். ஓரிரண்டு அங்குலம் குட்டையான கட்டையை மாற்றிக்கொண்டு, இடுப்புக்கு மேல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஒரு உத்தி: முன்கை துப்பாக்கியை முன்னே தள்ள வேண்டும், பின்கை தோளை நோக்கி இழுக்க வேண்டும், துப்பாக்கியை இரண்டாகப் பிய்க்கப் பார்ப்பது போல. உதைப்பில் கணிசமான பங்கு அந்த இழுபறியிலேயே கரைந்துவிடும். உதைப்பைக் குறைத்துச் செய்த பக்‌ஷாட்டும் கிடைக்கிறது. 20 போரும் இருக்கிறது. இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இதெல்லாம் கை வேலை. 'யதார்த்தமான பயிற்சி' என்று விளம்பரத்தில் வருவது இதற்கு அடுத்த படி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் உருண்டு புரண்டு சுடுவது போன்ற காட்சி மனதில் வரும். அப்படி விற்கும் வகுப்புகளும் இல்லாமல் இல்லை, தவிர்த்துவிடுங்கள். யதார்த்தம் என்றால் வெளிச்சம் குறைவாக இருக்கும், இலக்கு அசையும், முழுதாகத் தெரியாது, நேரம் இருக்காது, முக்கியமாக, எதிரே இருப்பவர் சுடப்பட வேண்டியவர்தானா என்பது தெரிந்திருக்காது.

ஜெஃப் கூப்பர் 1976இல் அரிசோனாவின் பால்டனில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கன்சைட். தனியாருக்கான துப்பாக்கிப் பயிற்சியை ஒழுங்கான பாடத்திட்டமாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சுட்டுப் பழகும் இடமான ரேஞ்ச் எல்லாவற்றிலும் சொல்லப்படும் நான்கு விதிகள் அவர் வகுத்துத் தந்த வடிவம்தான்: எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருக்கிறது என்றே நினை, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் முனையைக் காட்டாதே, குறி இலக்கில் பதியும் வரை விரலை டிரிகரில் வைக்காதே, இலக்கு என்ன, அதன் பின்னால் என்ன என்பதை உறுதி செய். அங்கே பாடம் நடத்தியவர்களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லூயிஸ் அவர்பக் ஷாட்கனுக்குப் பேர்போனவர். 2014இல் காலமானார். தட்டையாக, அசையாமல் நிற்கும் காகிதத்தைச் சுட்டுப் பழகுவதில் என்ன பயன் என்று கேட்டவர் அவர். இலக்குகளை மனித உடம்பு போல வளைத்து, அசைய வைத்து, சுடக் கூடாத இலக்கை அதன் முன்னால் குறுக்கே போக விடுவார். மாணவர் அவசரப்பட்டால் 'பணயக்கைதி' மீது ஓட்டை விழும்.

இன்றைய வகுப்புகளில் இதன் நீட்சியைப் பார்க்கலாம். 'ஷூட் ஹவுஸ்' எனப்படும் கூரையில்லாத மாதிரி வீடு ஒன்று கட்டியிருப்பார்கள். அறைக்குள் புகைப்பட இலக்கு இருக்கும். ஒருவன் கையில் துப்பாக்கி, இன்னொருவன் கையில் செல்போன், மூன்றாவதாக ஒரு சிறுவன். அரையிருட்டில் கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இங்கே விளக்கு ஒரு தனிப் பாடம். ஷாட்கனுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் டார்ச்சை முன்கட்டையிலேயே பொருத்திவிடுகிறார்கள். அதில் ஒரு ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வரும், டார்ச் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்புமே. தண்ணீர் குடிக்க எழுந்த மகள் முகத்தில் வெளிச்சம் அடித்தால் குழலும் அவள் முகத்தில்தான் இருக்கும். அதனால் குழலைத் தரையை நோக்கித் தாழ்த்தி, சிதறும் வெளிச்சத்தில் ஆளை அடையாளம் காணக் கற்றுத்தருகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் எதிரே நிஜ மனிதர். சாயம் தெறிக்கும் பயிற்சித் தோட்டாக்கள், முகக்கவசம், நடிப்பதற்கு ஓர் ஆள். பெரும்பாலும் இதில் ஷாட்கன் இருக்காது. அதே முடிவுகளை வேறு பயிற்சித் துப்பாக்கியை வைத்து எடுக்க வேண்டும். கதவைத் தட்டுபவன் போதையில் வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம். சத்தம் போட்டதும் திரும்பி ஓடுபவனாக இருக்கலாம். ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் முடிவதே சரியான விடையாக இருக்கும்படி பல காட்சிகளை வேண்டுமென்றே அமைப்பார்கள். வீட்டைச் சல்லடை போட்டுத் தேடப் போனவர் அநேகமாக மூலையில் நின்றவனிடம் சாயம் வாங்கிக்கொண்டு வருவார். குடும்பத்தை ஓர் அறைக்குள் சேர்த்து, கதவைச் சாத்தி, 911 என்ற அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டே உள்ளே இருந்தவர் பிழைப்பார். 'சக்-சக்' சத்தத்தை நம்பியவருக்கும் பாடம் இங்கேயே கிடைத்துவிடும். அந்தச் சத்தம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை எதிராளிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

ஒற்றைக் கையால் பம்பை இயக்கும் பயிற்சியும் சில வகுப்புகளில் உண்டு. கேட்டால் சர்க்கஸ் மாதிரி இருக்கும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த சண்டையில், எட்மண்டோ மிரலஸ் என்ற ஏஜென்டின் இடது முன்கை ரைஃபிள் குண்டில் சிதைந்துபோனது. அவர் ரெமிங்டன் 870ஐ ஒற்றைக் கையாலேயே பம்ப் செய்து சுட்டார், கடைசியில் ரிவால்வரை எடுத்துச் சண்டையை முடித்தார். அன்று இரண்டு ஏஜென்டுகள் உயிரிழந்தார்கள். புதியவருக்கு இது முதல் வகுப்பில் தேவையில்லை என்றாலும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

வீட்டில் எப்படி வைத்திருப்பது? பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி எனும் பாதுகாப்புப் பூட்டு, டிரிகரை மட்டுமே பூட்டும். குழலில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் கீழ்க்குழாயில் தோட்டா, குழலில் ஒன்றும் இல்லை என்ற நிலையில் வைக்கச் சொல்கிறார்கள். போலீஸ் வண்டிகளில் வைத்திருக்கும் முறை இது. அந்த நிலையிலும் அது பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேள்வியே இல்லை. பல மாநிலங்களில் குழந்தை கைக்கு எட்டும்படி வைப்பது தனிக் குற்றம்.

முதல் வகுப்புக்குப் போகிறவர் செய்யக்கூடிய மலிவான தயாரிப்பு டம்மி தோட்டாக்கள் வாங்கி வீட்டில் பழகுவதுதான். நிஜத் தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தோளில் ஏற்றுவதையும் பார்க்காமல் நிரப்புவதையும் தினம் பத்து நிமிடம் செய்தால் போதும். காதுக்கு மின்னணுக் கவசம் வாங்குங்கள். 12 போர் சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, பயிற்றுநர் சொல்வதும் கேட்க வேண்டும். தோட்டாப் பட்டியலில் பேர்ட்ஷாட் நிறைய, பக்‌ஷாட்டும் ஸ்லக்கும் கொஞ்சம் என்று இருந்தால் அது ஒழுங்கான வகுப்பு.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் மத்தியச் சட்டத்தில் தடை இல்லை, மாநில விதிகளை மட்டும் பார்த்தால் போதும். ஹெச்1பி, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் சிக்கலாம், பின்னால் குடியேற்றத்திலும் அது உதைக்கும். சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு. அதில் பலர் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். உங்கள் விசாவுக்கு அது செல்லுமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். பல மாநிலங்களில் அந்த உரிமத்துக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டியிருக்கும். குழல் முனையை எங்கே காட்டுவது, தோட்டா இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அங்கேயே சொல்லித் தந்துவிடுவார்கள்.